பழைய ஸ்போர்ட் குவாட் வாங்கியாச்சா? காட்டுப் பாதையில் இறக்கும் முன் முதல்ல எதை மாத்தணும்?

சுற்றுலாத் தலங்களிலும் ரிசார்ட்டுகளிலும் பத்து நிமிட ரவுண்டுக்கு விடும் நான்கு சக்கர பைக்கை பலர் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் அது ஒரு பெரிய பொழுதுபோக்கு. மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, பென்சில்வேனியா போன்ற மலைப்பகுதி மாநிலங்களில், வார இறுதி வந்தால் குவாடை பிக்கப் டிரக்கில் ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதைக்கு கிளம்பி விடுகிறார்கள். புது வண்டியின் விலை கையைக் கடிக்கும் என்பதால், முதல் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் அங்கே ஏராளம்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே ஒரு கேள்வியும் வந்துவிடும். முதல்ல என்ன அப்கிரேடு பண்ணலாம்? புதிதாக வாங்கியவர்களின் வாயில் முதலில் வரும் பதில், சைலன்சர். சத்தம் கெத்தா இருக்கும், பவர் கூடும் என்பது கணக்கு. ஆனால் மரங்களுக்கு நடுவே ஓட்டப்போகும் வண்டிக்கு கடைசியாக மாற்ற வேண்டியதே அதுதான் என்கிறார்கள் அனுபவம் உள்ளவர்கள். அப்படியென்றால் காசை முதலில் எதில் போடுவது? விரிவாக பார்க்கலாம்.

ஸ்போர்ட் குவாட் என்றால் என்ன?

பண்ணை வேலைக்கும் வேட்டைக்கும் பயன்படும் ஏ.டி.வி வேறு, ஸ்போர்ட் குவாட் வேறு. பண்ணை வண்டியில் பொதுவாக ஆட்டோமேட்டிக் கியர், நான்கு சக்கர டிரைவ், பொருட்களை ஏற்ற முன்னும் பின்னும் கேரியர் எல்லாம் இருக்கும். ஸ்போர்ட் குவாட் என்பது நான்கு சக்கரத்தில் நிற்கும் ஒரு டர்ட் பைக் மாதிரி. கைகிளட்ச், கால் கியர், பின்சக்கரத்துக்கு செயின், கட்டை விரலால் அழுத்தும் த்ராட்டில். எடை குறைவு, வேகம் அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது பின் ஆக்சில். காரில் இருப்பது போல டிஃபரன்ஷியல் இதில் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் குறுகிய வளைவில் ஹேண்டிலை மட்டும் திருப்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் சாய்த்து, சீட்டில் முன்னும் பின்னும் நகர்ந்து ஓட்ட வேண்டும். சீட் நீளமாக இருப்பதே அதற்காகத்தான். பின்னால் ஒரு ஆளை உட்கார வைக்க அல்ல.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் நல்ல பெயர் உள்ள ஒரு வண்டியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஹோண்டா டி.ஆர்.எக்ஸ் 400 இ.எக்ஸ். 1999 மாடலாக அறிமுகமான இது, பிறகு 400 எக்ஸ் என்று பெயர் மாறி 2014 மாடல் வரை வந்தது. 397 சிசி, சிங்கிள் சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின். எடை 170 முதல் 180 கிலோ வரை. ராக்கெட் வேகம் எல்லாம் இல்லை. ஆனால் ஒழுங்காக பார்த்துக்கொண்டால் சுலபத்தில் படுக்காது. 2005 மாடலில்தான் ரிவர்ஸ் கியர் வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்றால், மரத்தில் முட்டி நின்றால் இறங்கி, கையால் தள்ளித்தான் பின்னால் எடுக்க வேண்டும். காட்டுக்கு வாங்குபவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே 2005-க்கு பிந்தைய வண்டியைத் தேடலாம்.

முதல் அப்கிரேடு, பழைய ஓனர் செய்ததை கழற்றுவது!

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை இதுதான். பழைய குவாட் கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே கிடைப்பது அரிது. முந்தைய ஓனர் மணல்மேட்டில் ஓட்டியிருப்பார், அல்லது மோட்டோகிராஸ் டிராக்கில் தாவியிருப்பார். அதற்கேற்ப வண்டியை மாற்றி வைத்திருப்பார். அந்த மாற்றங்களில் பாதி காட்டுக்கு செட் ஆகாது.

முதலில் அகலத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். 400 இ.எக்ஸ் கம்பெனியில் இருந்து வரும்போது சுமார் 45 அங்குல அகலம். மோட்டோகிராஸ்காரர்கள் நீளமான ஏ-ஆர்ம், அகலமான ஆக்சில் போட்டு இதை 50 அங்குலம் வரை கொண்டுபோவார்கள். திறந்த டிராக்கில் அது நல்லதுதான், வண்டி கவிழாமல் நிற்கும். ஆனால் இரண்டு மரத்துக்கு நடுவே நுழையும்போது அந்த கூடுதல் 5 அங்குலம்தான் முன்சக்கரத்தை மரத்தில் கொண்டுபோய் மாட்டும். அமெரிக்க வனத்துறையின் பல ஏ.டி.வி பாதைகளுக்கு 50 அங்குலம்தான் அகல வரம்பு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். காட்டுப் பந்தயம் ஓட்டுபவர்கள் பொதுவாக 46 அங்குலத்தை ஒட்டியே வைத்துக்கொள்கிறார்கள்.

அகலம் கூடியிருப்பதற்கு காரணம் வீல் ஸ்பேசர் மட்டும்தான் என்றால் வேலை சுலபம். கழற்றி வைத்துவிடலாம். செலவே இல்லை. ஸ்பேசர் போட்ட வண்டியில் வீல் பேரிங்குக்கு கூடுதல் பளு விழுந்திருக்கும் என்பதால், கழற்றும்போதே பேரிங்கையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டி. கூடுதல் காற்று போகட்டும் என்று அதன் மூடியை கழற்றி எறிந்திருப்பார்கள். காட்டில் ஓடையும் சேறும் வரும். மூடி இல்லாத பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து இன்ஜினுக்குள் போனால், கனெக்டிங் ராடு வளைந்து மொத்த செலவும் தலைகீழாகிவிடும். மூடியை வாங்கி மாட்ட வேண்டும். அதற்கேற்ப கார்புரேட்டர் ஜெட்டையும் பழைய அளவுக்கு கொண்டுவர வேண்டியிருக்கும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

புது பாகம் வாங்குவதற்கு முன் இருக்கும் பாகம் ஒழுங்கா என்று பார்க்க வேண்டும். இதற்கு மெக்கானிக்கே தேவையில்லை. வண்டிக்கு அடியில் ஜாக் அல்லது கனமான மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தை தூக்கிக்கொள்ள வேண்டும். ஒரு டயரை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங் போயிருக்கிறது. பிறகு 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் முனைகளின் நிலை தெரியும். ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் இழுத்தால் ஸ்டியரிங் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பின்பக்கத்தை தூக்கி ஆக்சிலை மேலும் கீழும் அசைத்தால் கேரியர் பேரிங். ஸ்விங் ஆர்மை பக்கவாட்டில் தள்ளினால் அதன் பிவட் பேரிங். நியூட்ரலில் வைத்து பின்சக்கரத்தை சுற்றிவிட்டு, ரிம் தள்ளாடுகிறதா என்று பின்னால் இருந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். தள்ளாடினால் ரிம் நெளிந்திருக்கலாம், ஆக்சிலே வளைந்தும் இருக்கலாம். தாவி விளையாடிய வண்டிகளில் இது சகஜம்.

ஏன் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், காட்டில் வேகம் குறைவு என்று நினைத்து பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வேகம் குறைவுதான், ஆனால் பக்கத்திலேயே மரம் இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வேரில் ஏறும்போது ஒரு பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். திறந்த வெளியில் அப்படி ஆனால் உருண்டு எழுந்திருக்க இடம் இருக்கும். காட்டில் மரத்தில் மோதிய பிறகுதான் நிற்க முடியும். புது பால் ஜாயின்ட் போட்டதை நண்பர்களிடம் காட்டி பெருமைப்பட முடியாது என்பது மட்டும்தான் இதில் உள்ள குறை.

ஃபிரேமையும் தண்ணீர் அடித்து கழுவிவிட்டு பார்க்க வேண்டும். ஏ-ஆர்ம் இணையும் இடம், ஃபுட் பெக் பொருந்தும் இடம், இந்த இரண்டிலும் பெயின்ட் உரிந்து துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினோடு சேர்த்து மொத்த செட்டையும் மாற்றுவதுதான் சரி. பிரேக் ஆயில் காபி நிறத்துக்கு போயிருந்தால் உடனே மாற்ற வேண்டும். இறக்கத்தில் வேலை செய்யாத பிரேக்கோடு எந்த அப்கிரேடும் சேராது.

இன்ஜினில் எதைப் பார்க்கணும்?

இதற்கு அரை நாள் போதும். ஏர் ஃபில்டரை கழற்றி, அதற்கு பின்னால் இன்ஜின் பக்கம் போகும் குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டு துடைக்க வேண்டும். துணியில் புழுதி வந்தால் அந்த இன்ஜின் மண்ணை சுவாசித்திருக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன், ரிங் செலவுக்கு தனியாக காசு எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

400 இ.எக்ஸில் ஆயில் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. இதில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் தேங்குவதில்லை, தனி டேங்கில் இருக்கிறது. இரவு முழுக்க நிற்கும்போது டேங்கில் இருந்து ஆயில் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். காலையில் குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயிலே இல்லாத மாதிரி காட்டும். பயந்துபோய் மேலும் ஊற்றினால், ஓடும்போது அளவு மிஞ்சி ஏர் பெட்டிக்குள் தள்ளிவிடும். சில நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டு, சூடானதும் ஆஃப் செய்து உடனே பார்ப்பதுதான் சரியான முறை. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு 0.12. ஸ்க்ரூ, நட்டு வைத்து சரிசெய்யும் பழைய டைப் என்பதால் ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம்.

காசு கொடுத்து வாங்கும் முதல் பாகம் எது?

ஹெல்மெட், கண்ணுக்கு காகிள்ஸ், கணுக்காலை மூடும் பூட்ஸ், கிளவுஸ். இது இல்லாமல் அடுத்த வரிக்கே போகக் கூடாது. மேற்கு வர்ஜீனியாவில் 2000-ல் திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்டு-மெக்காய் பாதைகள் இன்று 1,000 மைல்களுக்கும் மேல் நீள்கின்றன. 19-ம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் வெட்டிக்கொண்டு நின்ற இரண்டு குடும்பங்களின் பெயரைத்தான் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே பெர்மிட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஓட்ட அனுமதி கிடையாது.

வண்டியில் மாட்டும் பாகம் என்று பார்த்தால், முதல் இடம் நெர்ஃப் பாருக்கு. பெயர் புதிதாக இருக்கலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கால் வைக்கும் இடத்தை ஒட்டி இரண்டு பக்கமும் மாட்டும் இரும்பு அல்லது அலுமினிய குழாய்தான் அது. நடுவில் கெட்டியான நாடா வலை கட்டியிருக்கும். பின்னால் ஹீல் கார்டு என்ற தகடும் சேர்ந்தே வரும்.

இதன் அவசியம் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம். பைக் சாய்ந்தால் காலை தரையில் ஊன்றுவது அனிச்சையாக நடக்கும். அதே பழக்கத்தில் குவாடில் காலை கீழே வைத்தால் என்ன ஆகும்? பாதத்துக்கு நேர் பின்னால் பின் டயர் உருண்டு வந்துகொண்டிருக்கிறது. டயர் குதிகாலைப் பிடித்து, காலை அடியில் இழுத்து, கெண்டைக்கால் மேல் ஏறும். வண்டி எடையும் ஆள் எடையும் சேர்ந்து 250 கிலோ. ஊன்றக் கூடாது என்று தெரிந்தவர்களுக்கும், சேறு படிந்த பூட்ஸ் ஃபுட் பெக்கில் இருந்து வழுக்கினால் இதே கதிதான். நெர்ஃப் பார் வலை இருந்தால் வழுக்கிய கால் வலையில் நிற்கும்.

இரண்டாவது பலன், மரம். முன்சக்கரம் தாண்டிய பிறகு அடிமரம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே புகுந்து, பின் டயரில் மாட்டி வண்டியை வெடுக்கென்று நிறுத்தும். ஓட்டுபவர் பறப்பார். குழாய் இருந்தால் மரம் அதில் உரசி வழுக்கிப் போய்விடும். வாங்கும்போது ஃபிரேமில் குறைந்தது மூன்று இடங்களில் பொருந்துகிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஒரு போல்ட்டை நம்பும் மலிவு ரகம் முதல் இடியிலேயே வளைந்து, பாதத்தை நெருக்கும்.

கைக்கு என்ன பாதுகாப்பு?

ஹேண்டில்பார் முனைதான் வண்டியில் மரத்துக்கு மிக அருகில் போகும் இடங்களில் ஒன்று. அங்கே இருப்பது விரல்கள். கிளைகளின் அடியைத் தாங்க ஹேண்ட் கார்டு போதும். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, காற்றுத் தடுப்பு மாதிரி முன்னால் மட்டும் நிற்கும் பிளாஸ்டிக். இன்னொன்று, ஹேண்டில்பாரின் இரு முனையிலும் மாட்டி கையைச் சுற்றி வரும் அலுமினிய பட்டை. பட்டை இருந்தால் மரத்தில் பட்டாலும் லிவர் உடையாது, விரல் தப்பும். ஆனால் கவிழும்போது கை அந்த வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளுமே என்று அதைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நெருக்கமான மரங்கள் உள்ள பாதை என்றால் பட்டை ரகம், புதரும் கொப்பும்தான் தொல்லை என்றால் பிளாஸ்டிக் என்று முடிவு செய்யலாம்.

எந்த ரகமாக இருந்தாலும், மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக திருப்பிப் பார்க்க வேண்டும். கட்டை விரல் த்ராட்டிலின் மீது கார்டு உரசினால், வளைவில் ஆக்சிலேட்டர் அமுங்கிய நிலையிலேயே நின்றுவிடும்.

அதோடு சேர்த்து வாங்க வேண்டிய ஒன்று, கயிறு கில் ஸ்விட்ச். ஒரு முனை வண்டியில், மறு முனை மணிக்கட்டில் அல்லது ஜாக்கெட்டில். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் அணையும். இதற்கு ஆகும் செலவு ஒரு டின் இன்ஜின் ஆயிலுக்கு ஆவதை விட சற்று அதிகம், அவ்வளவுதான். அமெரிக்காவின் பிரபலமான காட்டுப் பந்தயத் தொடரான ஜி.என்.சி.சி-யில் குவாடுகளுக்கு இது கட்டாயம். அங்கே வெற்றிபெறும் வண்டிகளிலேயே இது தொங்கும்போது, புதிதாக ஓட்டுபவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டயரில் என்ன கவனிக்கணும்?

ஓட்டும் விதத்தையே மாற்றிக்காட்டும் அப்கிரேடு என்றால் அது டயர்தான். 400 இ.எக்ஸின் கம்பெனி அளவு முன்னால் 22x7-10, பின்னால் 20x10-9. முதல் எண் உயரம், இரண்டாவது அகலம், மூன்றாவது ரிம் விட்டம், எல்லாம் அங்குலத்தில்.

மோட்டோகிராஸ் ஓட்டியவரிடம் வாங்கிய வண்டியில் பின்னால் 18 அங்குல டயர் இருக்க வாய்ப்பு அதிகம். வண்டி தாழ்ந்து வளைவில் நன்றாக நிற்கும் என்பதால் அவர்கள் அப்படி மாற்றுவார்கள். காட்டுக்கு இது சரிவராது. உயரம் 2 அங்குலம் குறைந்தால் ஆக்சில் தரையில் இருந்து 1 அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் இறங்குகிறது. ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் அந்த ஆக்சிலில்தான் தொங்குகின்றன. வேரிலும் பாறையிலும் முதலில் அடி வாங்குவது அவைதான். எனவே பின்னால் 20 அங்குலத்துக்கு திரும்புவது நல்லது.

அடுத்து பிளை. டயரின் பக்கச்சுவர் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. 2 பிளை லேசானது, ஆனால் கூரான குச்சியும் கல்லும் சுலபமாக குத்தும். 6 பிளை கனமானது, ஸ்டியரிங்கில் சற்று பாரம் தெரியும், ஆனால் காட்டின் நடுவில் பஞ்சர் ஆகி பத்து கிலோமீட்டர் தள்ளும் நிலை குறையும். பாறை நிறைந்த அப்பலாச்சியன் பாதைகளுக்கு 6 பிளைதான் பலரின் தேர்வு.

காற்று விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ-யை ஒட்டி வைப்பது வழக்கம். இந்த டயர்களுக்கு 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஒரே ஒரு பி.எஸ்.ஐ மாறினாலே கையில் தெரியும். பெட்ரோல் பங்க் கேஜ் இந்த அளவை ஒழுங்காக காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே தனி கேஜ் விற்கிறது, அதை வாங்கி டூல் பையில் போட்டுவிட வேண்டும். பின் டயர் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறும். ஒரே ஆக்சில் என்பதால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

புது ஷாக் அப்சார்பர் தேவையா?

உடனே தேவையில்லை. முன்பக்க ஷாக் செட் மட்டுமே பழைய வண்டியின் பாதி விலைக்கு வரும். முதலில் இருப்பதை ஓட்டுபவரின் எடைக்கு செட் பண்ணிப் பார்க்கலாம். 60 கிலோ ஆளுக்கு ஒரு செட்டிங், 95 கிலோ ஆளுக்கு வேறு. பழைய ஓனருக்கு என்ன எடை என்று யாரும் கேட்பதில்லை! ஷாக்கில் ஆயில் கசிவு இல்லை என்றால், ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் பிரீலோடை ஒவ்வொரு படியாக குறைத்து, ஒரே பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

டிராக்கில் தாவுவதற்கு கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். காட்டில் வேர்மேல் ஓடும்போது மென்மையாக இருந்தால்தான் டயர் தரையை விடாது. ரீபவுண்டு ஸ்க்ரூ உள்ள ஷாக் என்றால் அதையும் கவனிக்க வேண்டும். அமுங்கிய ஷாக் திரும்பி வருவது ரொம்ப மெதுவாக இருந்தால், அடுத்தடுத்து வேர் வரும்போது மேலே வர நேரமில்லாமல் ஷாக் கீழேயே தங்கி கட்டையாகிவிடும். கை வலி, இடுப்பு வலிக்கு பாதி காரணம் இதுதான்.

பவர் வேணுமா? ஒரு பல்லை குறைத்தால் போதும்

400 இ.எக்ஸில் முன் ஸ்ப்ராக்கெட் 15 பல், பின் ஸ்ப்ராக்கெட் 38 பல். முன்னால் 14 பல் போட்டால் விகிதம் 2.53-ல் இருந்து 2.71 ஆகும். சுமார் 7 சதவீதம் இழுவை கூடும். உச்ச வேகம் அதே அளவு குறையும். ஆனால் மரங்களுக்கு நடுவே உச்ச வேகத்தை யார் தொடப் போகிறார்கள்? குறுகிய வளைவில் கிளட்சை பாதி பிடித்து நெளிய வேண்டிய தேவை குறைவதால் கிளட்ச் பிளேட்டும் நீடிக்கும். விலையோ புது சைலன்சரின் சிறு பங்குதான்.

இதற்குப் பிறகு கையில் காசு மிச்சம் இருந்தால் அடிப்பக்க தகடுகள். ஸ்விங் ஆர்முக்கு அடியில் ஸ்ப்ராக்கெட்டையும் டிஸ்க்கையும் மறைக்கும் தகடுக்கே முன்னுரிமை. அலுமினியத்தை விட தடித்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக் வேரிலும் பாறையிலும் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமும் குறைவு. ஸ்டியரிங் டேம்பர் நல்ல பொருள்தான், வேர் இடிக்கும்போது ஹேண்டில் கையை விட்டு பிடுங்குவதை அது தடுக்கும். ஆனால் தேய்ந்த டை ராடோடு அதை மாட்டினால் ஆட்டம் வெளியே தெரியாமல் மறைந்துவிடும், அது ஆபத்து.

சரி, சைலன்சர் ஏன் கடைசி?

காட்டில் த்ராட்டில் முழுசாக திறக்கும் நேரமே குறைவு என்பது ஒரு காரணம். சைலன்சர் மாற்றினால் கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்ற வேண்டும், அது தனி வேலை. மூன்றாவது காரணம் சட்டம். அமெரிக்க தேசிய வனப்பகுதிகளில் ஓடும் வண்டிக்கு, தீப்பொறி வெளியே போகாமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்க வேண்டும். காய்ந்த சருகில் ஒரு பொறி விழுந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பந்தயத்துக்கென்று விற்கும் பல சைலன்சர்களில் இது இருக்காது.

சத்தத்துக்கும் வரம்பு உண்டு. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் 96 டெசிபல். சைலன்சர் வாயில் இருந்து 20 அங்குல தூரத்தில் மீட்டர் வைத்து அளப்பார்கள். மீறினால் அன்றைய ரைடு அவ்வளவுதான். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சத்தம் தாங்காமல் புகார் கொடுத்து பாதையே மூடப்படும் கதையும் அங்கே உண்டு. ஒரு முழு எக்ஸாஸ்ட் செட்டின் விலைக்கு நெர்ஃப் பார், ஹேண்ட் கார்டு, கில் ஸ்விட்ச் மூன்றையும் வாங்கிவிட்டு 14 பல் ஸ்ப்ராக்கெட்டுக்கும் காசு மிஞ்சும்.

முதல் ரைடு முடிந்ததும்...

வீட்டில் சிறுவர்கள் இருந்தால் சாவி கைக்கு எட்டாமல் இருக்கட்டும். பெரிய குவாடுகளை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தொடர்ந்து சொல்லிவரும் எச்சரிக்கை. வண்டியிலேயே அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்து முதல் 20 கிலோமீட்டர் ஓட்டித் திரும்பியதும், ஸ்பேனரை எடுத்து வீல் நட்டுகள், ஆக்சில் நட்டு, நெர்ஃப் பார் போல்ட்டுகள் எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய பாகங்கள் முதல் ஓட்டத்தில்தான் தளரும். பின் ஆக்சில் நட்டு தளர்ந்த நிலையில் ஓட்டினால் ஆக்சிலின் பற்கள் அரைபட்டு, நட்டுக்கு பதில் ஆக்சிலையே மாற்ற வேண்டி வரும். இறுக்கிய பிறகு நட்டுக்கும் ஆக்சிலுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடாக இழுத்துவிடலாம். அடுத்த முறை கிளம்பும் முன் அந்தக் கோடு உடைந்து தெரிந்தால், ஸ்பேனரை கையில் எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் பட்டன்.